வாய் திறந்து சொல்!

நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் உன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? நேர்முகத் தேர்வில் பெயரைச் சொல்வதற்கே குரல் கம்முகிறதா? விடை தெரிந்தும் வகுப்பில் தலையைக் குனிந்துகொள்கிறாயா? உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். சிலப்பதிகாரத்தை எடு. வழக்குரை காதையைப் பிரி. கதவைச் சாத்திக்கொண்டாவது வாய்விட்டுச் சொல்.

மனத்துக்குள் படிக்காதே. முணுமுணுக்காதே. சொல்!

ஏன் அந்தக் காதை? அங்கே நிற்பவளைப் பார். கணவனைப் பறிகொடுத்தவள். ஊர் புதிது, உறவென்று உடன் நிற்க ஒருவரும் இல்லை. எதிரே பாண்டிய மன்னன். அதுவரை எந்த அவையிலும் பேசியவள் அல்லள் அவள், வீட்டுக்குள் காத்திருந்தவள். நீ யார் என்று அரசன் கேட்டதும், ஆராயாமல் தீர்ப்பளித்தவனே என்று முகத்துக்கு நேரே தொடங்குகிறாள். புறாவுக்காகவும் பசுவின் கன்றுக்காகவும் நீதி காத்த சோழர்களை அவன் கண்முன் நிறுத்துகிறாள். அவர்களுடைய புகார் நகரம்தான் என் ஊர் என்கிறாள். பிறகு மாமனார், பிறகு கணவன். தன் பெயரை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கிறாள்.

இதை எப்படிச் சொல்வாய்? பலர் முதல் சொல்லிலேயே கத்திவிடுகிறார்கள். அப்படிக் கத்தினால் அவள் பெயர் வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். இளங்கோ படிப்படியாக ஏற்றியிருக்கிறார். நீயும் படிப்படியாக ஏறு. புறாவை நிதானமாகச் சொல். கன்றின் கதையில் குரலைக் கொஞ்சம் இறுக்கு. கோவலன் பெயரில் குரல் நடுங்கினால் நடுங்கட்டும், மறைக்காதே. கடைசியில் கண்ணகி என்ற பெயரை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து எழுத்தாக, தெளிவாக வை. உன் முதுகு தானாக நிமிரும். இதை உறுதியாக நம்பிச் சொல்கிறேன்: தன் பெயரைச் சொல்லவே தயங்கிய பிள்ளை, அவள் பெயரை இப்படிச் சொல்லிப் பழகினால், ஒருநாள் தன் பெயரையும் அப்படிச் சொல்லும்.

நாம் பிள்ளைகளுக்குச் செய்திருப்பது என்ன? பாட்டை மனப்பாடப் பகுதி ஆக்கிவிட்டோம். மதிப்பெண்ணுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்ட வைக்கிறோம். ஒப்புவித்தல் போட்டியில் எத்தனை குறள் என்று எண்ணிப் பரிசு கொடுக்கிறோம். 1330 குறளும் சொல்லும் பிள்ளையின் நினைவாற்றலை வணங்குகிறேன். ஆனால் அவற்றில் ஒரு குறளாவது அந்தக் குரலில் உயிரோடு வந்ததா? ஒரு குறளுக்கு 7 சீர். முதல் அடியில் 4, அடுத்ததில் 3. வெண்பாவுக்குரியது செப்பலோசை, ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிற ஓசை. ஆகவே எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசு! சீர் பிரிகிற இடத்திலெல்லாம் நிற்காதே. சீருக்காகச் சில இடங்களில் சொல்லே முறிந்திருக்கும், வகையுளி என்பார்கள். பொருள் நிற்கிற இடத்தில் நில். அங்கேதான் கேட்பவரும் மூச்சு விடுவார்.

அதற்கெல்லாம் புலவர் பட்டம் வேண்டுமே என்று பின்வாங்காதே. ரசிகமணி டி.கே.சி. படித்தது சட்டம். அவருடைய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் கூடியவர்களுக்குக் கம்பன் பாட்டை ஒரு தடவை சொல்லி விட்டுவிட மாட்டார். திரும்பத் திரும்ப, தானே கரைந்து சொல்வார். ராஜாஜியும் கல்கியும் அந்தச் சுவைக்கு ஆட்பட்டவர்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையருக்குச் செய்யுளை இராகத்தோடு சொல்லும் பழக்கம் உண்டு. உனக்கு இராகம் வராதா? பரவாயில்லை. பாவம் வந்தால் போதும்.

கம்பனில் சூர்ப்பணகை அழகியாக உருமாறி நடந்து வருகிற பாட்டைச் சொல்லிப் பார். மெல்லின ஒலிகள் அடுத்தடுத்து வந்து நாக்கை அவள் நடைக்கு ஆட வைக்கும். கண்ணால் மட்டும் படித்தவனுக்கு அந்த நடை தெரியவே தெரியாது. பாட்டில் பாதி, வாய்க்காகவே கட்டப்பட்டது. வாயை மூடிக்கொண்டு படிப்பவன் அந்தப் பாதியை இழக்கிறான்.

இன்றே தொடங்கு. பதம் பிரித்த பதிப்பை வாங்கு. முதலில் உரையைப் படி. பொருள் புரியாத வரியில் உணர்ச்சி காட்டினால் அது வெறும் சத்தம். பிறகு எழுந்து நில். உட்கார்ந்தபடி சொன்னால் வயிறு மடங்கும், மூச்சு குறையும். கைபேசியில் பதிவு செய்து கேள். உன் குரல் உனக்கே அந்நியமாக இருக்கும். அழித்துவிடாதே, மறுநாள் மறுபடி பதிவு செய். எந்த இடத்தில் ஓடினாய், எந்த இடத்தில் பயந்தாய் என்று உன் காதே சொல்லும். பிறகு வீட்டில் ஒருவரை உட்கார வைத்துச் சொல். சிரித்தால் சிரிக்கட்டும். நிறுத்தாதே!

அது கைவந்ததும் கம்பனின் கும்பகருணனிடம் போ. தம்பி வீடணன் வந்து அழைத்தும், சாவு நிச்சயம் என்று தெரிந்தும், அண்ணனை விட்டு வர மாட்டேன் என்கிறானே, அந்த இடம். அதைக் கோபத்தில் சொல்ல முடியாது, அழுதும் சொல்ல முடியாது. தம்பி மேல் உள்ள அன்பும் தன் முடிவின் உறுதியும் ஒரே குரலில் வரவேண்டும். அந்தக் குரலும் உன் தொண்டையில்தான் இருக்கிறது. தோண்டி எடு!