கைமாறும் வீடு

திருவனந்தபுரத்தில் ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு இருமுறை சோதனைக்கு உள்ளாகிறது. ஜூன் மாதத்தில் இடவப்பாதி மழை, ஐப்பசியில் துலாவர்ஷம். எந்த ஓடு நகர்ந்திருக்கிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, மாடித் தளத்தில் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்பதையெல்லாம் மழை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். மாசியிலும் பங்குனியிலும் அதே வீடு வாய் திறப்பதில்லை. சுவர் காய்ந்திருக்கும், இரண்டு தடவை வண்ணம் பூசிவிட்டால் பழைய கறையும் மறைந்துவிடும். அந்த மாதங்களில் ஒருவர் தம் வீட்டை விற்க முற்பட்டால் அதைக் குற்றம் என்று எவரும் கூறமாட்டார். ஆயினும் அங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது. வாங்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்து, ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார். விற்பவர் மௌனமாக நிற்கிறார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம் சத்தியத்தைச் சேர்ந்ததா, அசத்தியத்தைச் சேர்ந்ததா?

கேள்வி புதியதன்று. கி.மு. 44ஆம் ஆண்டில் ரோமாபுரியின் சிசரோ, ஏதென்ஸில் கல்வி பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. பார்வைக்கு நல்ல வீடு. ஆனால் உடல்நலத்துக்கு ஒவ்வாதது, மரங்கள் உளுத்துவிட்டன, படுக்கையறைகளில் பாம்புகள் நடமாடுகின்றன. இவை உரிமையாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லியாக வேண்டுமா? ஸ்டோயிக் தத்துவ மரபைச் சேர்ந்த இரு அறிஞர்கள் இங்கே எதிரெதிர் நிற்கிறார்கள். டயோஜெனிஸ் என்பவர், ‘வாங்கும்படி எவரும் வற்புறுத்தவில்லையே, தம் பொருளின் குறைகளைத் தாமே பறைசாற்றி விற்பவர் உலகில் உண்டா?’ என்று கேட்கிறார். அவருடைய மாணவரான ஆன்டிபேட்டர், வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதை ஏதென்ஸ் நகரம் சாபத்துக்குரியதாகக் கருதியது என்பதை நினைவூட்டி, தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் செல்ல விடுவது அதனினும் கொடிது என்கிறார். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கம். சும்மா இருப்பது வேறு, மறைப்பது வேறு. பிறர் அறிந்தால் அவருக்குப் பயன்படும் ஒன்றை, நம் ஆதாயத்துக்காக அவர் அறியாதிருக்க விரும்புவதே மறைத்தல் என்று அவர் வரையறுக்கிறார். (பாம்பு விஷயத்தில் மட்டும் பழைய கேரள வீடுகள் ரோமாபுரியைவிட மேலானவை. வளாகத்தின் ஒரு மூலையில் பாம்புகளுக்கென்றே காவு ஒன்று இருக்கும். அதை மறைத்து எவரும் விற்க முடியாது.)

இந்த விவாதம் பாரதத்துக்கு அயலானது என்று எண்ண வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதன் 55ஆம் பிரிவு விற்பவர், வாங்குபவர் இருவருடைய கடமைகளையும் வகுக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, தாம் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் அவர் கண்டுகொள்ள இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். வெளிப்படுத்தாமல் விட்டால் அது மோசடி என்றே அப்பிரிவு கூறுகிறது. கண்ணுக்குத் தெரியும் விரிசலைச் சுட்டிக்காட்டும்படி சட்டம் கேட்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு. ஆனால் அந்த விரிசலின்மீது விற்பனைக்கென்றே பூச்சுப் பூசியவர், கண்ணுக்குத் தெரியும் குறையைத் தெரியாத குறையாகத் தம் கையாலேயே மாற்றிவிடுகிறார். வெள்ளையடிப்பது ஒன்றே செயல். குடியிருப்பதற்காக அடிக்கும்போது அது பராமரிப்பு. மறைப்பதற்காக அடிக்கும்போது வேறொன்று. சுண்ணாம்புக்கு இந்த வேறுபாடு தெரியாது, அடிப்பவருக்குத் தெரியும்.

அதே பிரிவில் மற்றொரு விதி உண்டு. அதை வழக்கறிஞர்களைவிட ஆன்மிக நாட்டமுடையவர்கள் கவனிக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிய நாளுக்கும் வீட்டை ஒப்படைக்கும் நாளுக்கும் இடையே, விவேகமுள்ள ஓர் உரிமையாளர் எவ்வளவு கவனத்துடன் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்துடன் விற்பவர் அந்தச் சொத்தைக் காக்க வேண்டும். மனத்தளவில் வீடு அவருடையதாக இல்லை, அச்சாரம் வாங்கியாகிவிட்டது. மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். ஒழுகும் குழாயை இனி அடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றும் காலம் அது. அந்தக் காலத்தில்தான் ‘உன்னுடையதைப் போலவே பார்த்துக்கொள்’ என்கிறது சட்டம். பலனில் பங்கில்லாத இடத்தில் முழுக் கவனம் செலுத்துவதற்கு நம் மரபில் வேறு பெயர் உண்டு; அதை வாசகர்கள் அறிவார்கள்.

இனி எளிதில் விடை கூற இயலாத ஒரு நிலை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர் மனைவியின் சிகிச்சைக்காக வீட்டை விற்கிறார் என்று கொள்வோம். அடித்தளத்தில் ஓதம் இருப்பதைச் சொன்னால் விலை குறையும். குறைந்தால் மருத்துவச் செலவுக்குப் போதாது. அவரிடம் சென்று சத்தியத்தைப் போதிப்பவர் தம் கையிலிருந்து ஒரு ரூபாயும் இழக்கப்போவதில்லை. ஆகவே இங்கே குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். ஆயினும் ஒன்றைக் கூறாமல் இருக்க முடியாது. மறைக்கப்பட்ட பழுது மறைந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது. இருபது ஆண்டுக் கடனில் அந்த வீட்டை வாங்கும் இளந்தம்பதியர் அடுத்த ஜூன் மாதத்தில் அதைச் சந்திப்பார்கள். அவர்களுக்கும் ஒரு நோயாளித் தாய் இருக்கலாம். முதியவரின் துன்பம் உண்மை. அதைத் தீர்க்கும் கடமை மகனுக்கு உண்டு, சுற்றத்தாருக்கு உண்டு, ஊருக்கு உண்டு. வீடு வாங்க வந்த, எதுவுமறியாத அயலார்மீது மட்டும் அது எவ்வாறு விழும்? ஓதத்தைச் சொல்லிவிட்டு, தம் தேவையையும் சொல்லி, கூடுதல் விலை கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டையும் கேட்டு முடிவு செய்வது வாங்குபவரின் சுதந்திரம்.

பூச்சைப் பற்றிப் பேசும்போது திருவனந்தபுரத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட்டிலும் பின்னர்க் கேரளத்து வாகமண்ணிலும் வாழ்ந்துவிட்டு, 1970 வாக்கில் இந்நகருக்கு வந்து நாலாஞ்சிறையில் குடியேறினார். பாரதக் குடியுரிமை பெற்று, 2007 ஏப்ரல் 1 அன்று இங்கேயே மறைந்தார். கட்டடத்துக்குத் தேவையானவை ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறியது அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது. அவர் எழுப்பிய சுவர்கள் பெரும்பாலும் பூச்சற்றவை. செங்கல் செங்கல்லாகவே தெரியும். பூச்சு வீண் செலவு என்பது ஒரு காரணம். பொருள் தன் இயல்பை மறைக்கக் கூடாது என்பது மற்றொன்று. உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை இன்றும் காணலாம். அவற்றில் வேலை செய்த கொத்தனார் கல்லைக் கோணலாக வைத்திருந்தால் அதுவும் தெரியும். அத்தகைய வீட்டை விற்க நேர்ந்தால் மறைப்பதற்கு அதிகம் இராது.

பேக்கர் தம் வீட்டை ஒரே மூச்சில் கட்டி முடிக்கவில்லை. பாறைச் சரிவில் சிறிது சிறிதாக வளர்த்தார். பிற வீடுகள் இடிக்கப்பட்டபோது கிடைத்த மரங்களையும் கதவுகளையும் தம் கட்டடங்களில் பயன்படுத்தினார். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. கேரளத்து மர வீடுகள் அங்கே பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. கதவு ஒன்று மூன்று தலைமுறையையும் இரண்டு வீடுகளையும் பார்த்துவிடுகிறது. அதைத் தமதென்று சொன்னவர்கள் போய்விட்டார்கள்.

பழுதை மறைக்கும் எண்ணம் விற்கும் நாளில் தோன்றுவதன்று. அது பல ஆண்டுகளுக்கு முன்பே, பார்க்காமல் விட்ட நாளில் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றி, கைமரத்தில் கரையான் பார்த்து, வாய்க்காலில் சருகு அள்ளி வந்தவருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று மெய்யாகவே சொல்லக் கூடியவரும் உண்டு. ஏணி வைத்து மேலே ஏறிப் பார்க்காததனால் வந்த அறியாமை அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேரளத்தில் பத்தில் ஒரு வீடு போலக் காலியாக இருப்பதைக் காட்டியது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. பாகப் பிரிவினையில் உரிமைக்காகப் போராடிய சகோதரர்கள், ஒழுகும் கூரையைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் உண்டு.

இதற்கு நேரெதிரான காட்சி இந்நகருக்குத் தெற்கே, தக்கலையருகில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956இல் எல்லை வகுக்கப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. இன்று அரண்மனை தமிழக மண்ணில் நிற்கிறது; அதைத் துடைத்துப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. அங்கே அரசரும் இல்லை, அரசும் இல்லை. மர மண்டபங்களின் தரை மட்டும் முகம் பார்க்கும்படி பளபளக்கிறது.

அதே அரச மரபில் நிகழ்ந்த ஒரு செயல், உரிமை என்பதன் பொருளையே மாற்றியமைத்தது. கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், அதாவது 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மா மகாராஜா தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்குத் தானமாக அளித்தார். இதுவே திருப்படிதானம். அதன்பின் அவரும் அவர் வழிவந்தவர்களும் ‘பத்மநாபதாசர்’ என்ற பெயரில் ஆண்டார்கள். வாளால் வென்ற நிலங்களுக்குத் தெய்வத்தின் காப்பைப் பெற்றுத் தரும் அரசியல் சூழ்ச்சி இது என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அண்டை நாடுகள் பலவற்றை அவர் போரில் கைக்கொண்டவர். ஆயினும் ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டவன் அச்சொல்லால் கட்டுப்படுகிறான். கோயிலிலிருந்து வெளியேறும்போது சுவாமியின் மணல் ஒரு துகளும் உடன் வந்துவிடக் கூடாதென்று மன்னர்கள் காலைத் தட்டிவிட்டு வருவார்கள் என்று அந்நகரில் சொல்லப்படுகிறது. நிலவறைகளில் இருந்த பெருஞ்செல்வம் 2011இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி கணக்கெடுக்கப்பட்டபோது உலகமே வியந்தது.

இங்கே ஒரு தடை எழலாம். எல்லாம் இறைவனுடையது என்றால் மனிதன் ஏன் ஓடு மாற்ற வேண்டும்? கீதையின் 12ஆம் அத்தியாயம் பக்தனை ‘அநிகேதன்’ என்கிறதே? சங்கரர் அச்சொல்லுக்கு நிலையான உறைவிடம் இல்லாதவன் என்று பொருள் கூறினார். அது துறவிக்குரிய இலக்கணம். இராமானுஜரோ வீடு முதலியவற்றில் பற்றற்றவன் என்று உரை செய்தார். இல்லறத்தார்க்கு இப்பொருள் நெருக்கமானது. பற்றின்மை கவனமின்மை அன்று. தம்முடையது என்று நினைப்பவர் தமக்குத் தேவையான மட்டும் பார்த்துக்கொள்வார். ஒப்படைக்க வேண்டியது என்று நினைப்பவரோ கணக்குச் சொல்லும்படி பார்த்துக்கொள்வார். அவர் விற்கும்போது, கிரயப் பத்திரத்துடன் கிணற்றில் எந்த மாதம் நீர் கலங்கும் என்பதையும், எந்த மூலையில் மழைநீர் தேங்கும் என்பதையும் சேர்த்தே கொடுப்பார்.

வாங்குபவருக்கும் மௌனங்கள் உண்டு. விற்பவர் அறியாததும், சொத்தில் அவருக்குள்ள உரிமையின் மதிப்பைப் பெரிதும் உயர்த்துவதுமான செய்தி ஒன்று அந்த உரிமையைப் பற்றித் தமக்குத் தெரிந்தால் வாங்குபவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று அதே 55ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வழியே சாலை வரப்போகிறது போன்ற செய்தி அந்த வரம்புக்குள் அடங்காது; அங்கே மனச்சாட்சி தனித்து நிற்கிறது. இருவரும் சேர்ந்து காக்கும் மௌனமும் ஒன்று உண்டு: பத்திரத்தில் குறைத்து எழுதப்படும் விலை. கேரள அரசு 2010 முதல் நிலத்துக்கு நியாய மதிப்பை வரையறுத்து நடைமுறைப்படுத்தியதற்கு இத்தகைய மௌனங்களே காரணம். அதுவரை ஒருவரையொருவர் சந்தேகித்தவர்கள், சார்பதிவாளர் முன்னிலையில் மட்டும் ஒற்றுமையாகிவிடுவது வேடிக்கையே.

சிசரோவின் நூலில் வாங்குபவர் ஒருவரும் வருகிறார். ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்க விரும்பி, பேரம் வேண்டாம், ஒரே விலையாகச் சொல்லும்படி விற்பவரைக் கேட்டார். அவர் சொன்னார். ‘நிலத்தின் மதிப்பு இதைவிட அதிகம் என்று நான் கருதுகிறேன்’ என்று கூறி, ஸ்கேவோலா மேலும் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் சேர்த்துக் கொடுத்தார். அது நல்லவர் ஒருவரின் செயல் என்பதை ரோமாபுரியில் எவரும் மறுக்கவில்லை; அறிவாளியின் செயல் என்று மட்டும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.