பழைய பெயரைக் கேட்டு வருபவர்

லினக்ஸில் ஒரு மென்பொருள் பொதியின் பெயரை மாற்றுவது சின்ன வேலை. பழைய பெயரை மட்டும் அறிந்தவர்களை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். எட்டு வருடங்களுக்கு முன் யாரோ நிறுவிவிட்டு மறந்த கணினி அந்தப் பழைய பெயரையேதான் கேட்டுக்கொண்டிருக்கும். புதுப்பிப்பு வராது, பிழைச்செய்தியும் வராது. பாதுகாப்புத் துளைகள் அப்படியே திறந்து கிடக்கும்.

ஃபெடோராவின் பொதி விதிகள் இதற்கு இரண்டு வரிகளைச் சொல்கின்றன. ‘அப்சலீட்ஸ்’ என்றால், அந்தப் பொதியை அகற்றிவிட்டு அதன் இடத்தில் என்னை வை. ‘புரொவைட்ஸ்’ என்றால், அந்தப் பெயரைக் கேட்டு யார் வந்தாலும் நான் பதில் சொல்கிறேன். புதிய பொதி பழையதன் வேலையை உண்மையாகவே செய்யுமென்றால்தான் இரண்டாவதை எழுதலாம். செய்யாதென்றால் முதல் வரி மட்டும். அப்போது பழையதை நம்பியிருந்த மற்றப் பொதிகள் உடையும். உடையட்டும் என்பதே என் கட்சி. கண்ணுக்குத் தெரிகிற உடைப்பைத் திருத்தலாம்; பொய்யாகப் பொறுப்பேற்ற பெயரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

வெளிநாட்டுத் தமிழருக்கு இது புதிதல்ல. குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதியதால் அலுவலகத்தில் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் ஊரில் அந்தப் பெயரை நம்பி ஒருவர் பஞ்சாயத்துக்கு வந்தால் நான் என்ன செய்வேன்?

பெயர் யாருக்குச் சேர வேண்டும் என்பது இன்னொரு வழக்கு. டெபியனில் ‘கிட்’ என்பது முதலில் குனூ இன்டராக்டிவ் டூல்ஸ் என்ற சிறிய கருவித் தொகுப்பின் பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய கிட், அங்கே ‘கிட்-கோர்’ என்று ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. பிறகு சிறியது ‘க்னுயிட்’ ஆனது; பெரியது பெயரைப் பெற்றது. கூட்டம் சேர்ந்த பக்கம் பெயர் போவது நியாயம் என்று என்னால் முழுமனதோடு சொல்ல முடியவில்லை. ஆனால் போன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. ‘கிட்-கோர்’ உள்ளே எதுவுமில்லாத பொதியாகச் சில காலம் வைக்கப்பட்டது. தேடி வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைப்பது மட்டுமே அதன் வேலை.

ஃபெடோரா விதியில் எனக்குப் பிடித்தது, ‘அப்சலீட்ஸ்’ வரியோடு ஒரு பதிப்பெண்ணும் இருக்க வேண்டும் என்பது. இன்ன பதிப்புக்குக் கீழே உள்ளவற்றை மட்டுமே அகற்றலாம். நாளை யாராவது அந்தப் பழைய பொதிக்கு உயிர்கொடுத்து, அதைவிடப் பெரிய எண்ணோடு கொண்டுவந்தால், அந்தப் பெயர் மறுபடியும் உள்ளே வரலாம்.