ஆள் போன பிறகு வரும் விகுதி

மாணவரிடம் நேருக்கு நேர் பேசும் ஆசிரியருக்குத் தமிழில் பால் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ‘நேற்று ஏன் வரலை?’, ‘ரெக்கார்டு நோட்டைக் கொண்டு வா’ என்பவற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்த மாணவர் அறையை விட்டுப் போன பிறகுதான் சிக்கல். ஆசிரியர் ஓய்வறையில், துறைத் தலைவரின் மேசையருகில், ‘வந்தான்’ என்பதா, ‘வந்தாள்’ என்பதா? ஆங்கிலத்தில் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம். தமிழிலோ வினைமுற்றின் வாலிலேயே பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு திருநங்கையோ திருநம்பியோ ‘என்னை இந்தப் பெயரால், இந்தப் பாலால் சொல்லுங்கள்’ என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கும்போது, தாம் இல்லாத இடத்தில் தம்மை எப்படிப் பேசுவார்கள் என்பதையும் சேர்த்தே கேட்கிறார்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் எழுதிய நன்னூலில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும் சொல்லலாம் என்கிறது அது. விகுதியைத் தீர்மானிப்பது விட்டு வந்த கரை அல்ல, சேர விரும்பும் கரை. பழம்பெருமை பேச வசதியான சான்றுதான். ஆனால் அதே நூற்பா, இவர்களை அஃறிணை போலச் சொல்லவும் இடம் கொடுத்தே முடிகிறது. ஓய்வறைப் பேச்சில் இன்றும் காதில் விழும் ‘அது’வுக்கும் அங்கே ஆதரவு உண்டு. பின்பாதியை மறைத்துவிட்டு முன்பாதியை மட்டும் மேற்கோளாக்குவது நேர்மையாகாது. எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்பதை இலக்கணம் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டது.

பெயரைப் பற்றிய வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாராயணசாமியும் இராமையாவும் நெடுஞ்செழியனாகவும் அன்பழகனாகவும் நிலைத்தார்கள். அவர்களுடைய ‘உண்மையான’ பெயர் எது என்று இன்று யாரும் கேட்பதில்லை. கொள்கைக்காக மாற்றிய பெயரை மதிக்கத் தெரிந்த ஊருக்கு இது புதுப் பாடம் அல்ல. ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெயர் மாறினாலும் இனிஷியலில் அப்பா இருக்கிறார். வீட்டை விட்டுத் துரத்தியவரின் எழுத்தையே முன்னால் வைத்துக்கொண்டு புதுப் பெயர் நடக்க வேண்டியிருக்கிறது.

‘பெயரை யாரும் மாற்றிக்கொள்ளட்டும். நான் நம்பாத பாலைச் சொல்லச் சொல்வது என்னைப் பொய் சொல்லச் சொல்வது’ என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஷானி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இது வழக்காகவே வந்தது. தத்துவப் பேராசிரியர் நிக்கலஸ் மெரிவெதர் வகுப்பில் எல்லாரையும் மிஸ்டர், மிஸ் போட்டு அழைப்பவர். 2018-இல் ஒரு திருநங்கை மாணவி தம்மைப் பெண்ணாக அழைக்கக் கேட்டபோது அவர் மறுத்தார். அந்த ஒருவரை மட்டும் அடைமொழி இல்லாமல் குடும்பப் பெயரால் அழைப்பதாகச் சொன்னார். பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுத்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய பேச்சுரிமைக் கோரிக்கையை ஏற்று வழக்கைத் தொடர அனுமதித்தது. அடுத்த ஆண்டு 4 லட்சம் டாலரில் சமரசம் ஆயிற்று.

மனசாட்சியை எள்ளி நகையாடக் கூடாது. ஆனாலும் பால் விகுதி என்பது சத்தியப் பிரமாணமா? பெற்ற மகளை ‘வாடா கண்ணா’ என்று கொஞ்சாத தமிழ் வீடு குறைவு. அந்த அப்பா பொய் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. நாள்தோறும் முன்பின் தெரியாதவர்களைத் தோற்றம் பார்த்து அவன், அவள் என்கிறோம். யாரிடமும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை. விகுதி பெரும்பாலும் உறவைச் சொல்கிறது, உடற்கூற்றை அல்ல.

அப்படியும் மனம் ஒப்பாதவருக்குத் தமிழ் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பார்கள்: ‘அவர்’. எழுத்தில் அது பொதுப்பால்தான். பேச்சில் அப்படியா? ‘அவரு வந்தாரு’ என்றால் காதில் விழுவது ஆண். பெண்ணை மரியாதையாகச் சொல்ல ‘அவங்க வந்தாங்க’ என்கிறோம். ‘அவரு’ என்று மரியாதை செய்து ஒரு திருநங்கையை ஆணாக்கிவிட முடியும். ‘அவங்க’ என்றே வைத்துக்கொண்டாலும், முப்பது பேரை அவன், அவள் என்று உரிமையோடு சொல்லிவிட்டு ஒருவரை மட்டும் ‘அவங்க’ என்றால், அது பந்தியில் ஒருவருக்கு மட்டும் தனி இலை போட்ட மரியாதை. மெரிவெதர் சொன்ன ஏற்பாட்டில் இருந்த கோளாறும் இதுதான். முப்பது பேரையும் ‘அவங்க’ என்று சொல்ல ஓர் ஆசிரியர் முன்வந்தால் அவருடைய மறுப்பை மதிக்கலாம், விட்டுவிடலாம். நாக்குப் பழக்கத்தில் தவறிச் சொன்னவரைத் தண்டிக்கவும் வேண்டாம். தெரிந்தே, வகுப்பு சிரிக்க வேண்டும் என்றே சொல்பவருடைய கதை வேறு.

ஆவணங்களில் இவ்வளவு குழப்பம் இல்லை. மாவட்ட ஆட்சியரின் அடையாளச் சான்றைக் காட்டினால் கல்விச் சான்றிதழ் உள்ளிட்ட ஆவணங்களை 15 நாளில் திருத்தித் தர வேண்டும் என்று திருநர்களுக்கான 2020-ஆம் ஆண்டு மத்திய விதிகள் வகுத்தன. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கல்விப் பதிவேடுகளில் பெயரும் பாலும் மாற்ற வழி செய்யச் சொன்னார். திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருநங்கை பிரித்திகா யாஷினி சாட்சி. சான்றிதழில் வேறு பெயர் இருந்ததால் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கான அவருடைய விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டது; நீதிமன்றம் போய்த்தான் 2015-இல் வென்றார். ஆள்மாறாட்டம் நடக்குமே என்ற அச்சத்துக்குப் பதிவெண் என்று ஒன்று இருக்கிறது.

நல்லெண்ணம் உள்ள கல்லூரியும் தடுக்கி விழும் இடம் வேறு. வருகைப் பதிவேட்டில் புதுப் பெயரை ஆர்வத்தோடு ஏற்றுகிறார்கள். வகுப்புக்கு வராத நாளில், அதே பதிவேட்டிலிருந்து குறுஞ்செய்தி அந்தப் பெயரில் அப்பாவின் கைபேசிக்குப் போகிறது. வீட்டில் இன்னும் சொல்லாத ஒன்றைக் கணினி சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரியில் கல்லூரிக் கட்டணம் நின்றுபோகலாம், சில நேரம் வீட்டுக் கதவும் அடைபடலாம். எந்தப் பெயர் என்று கேட்ட படிவம், எங்கெல்லாம் என்றும் கேட்டிருக்க வேண்டும்: வகுப்பிலா, விடுதியிலா, வீட்டுக்குப் போகும் கடிதத்திலுமா?

‘வகுப்பில் மட்டும்’ என்று ஒரு திருநங்கை மாணவி எழுதிக் கொடுத்திருந்தால், ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்கும்போது அலுவலக எழுத்தர் பழைய பெயரையே சொல்லி, ‘வந்திருக்கான்மா, கிளாஸ்லதான் இருக்கான்’ என்றுதான் பதில் சொல்லியாக வேண்டும்.