மணலின் வேலை

கலப்பு என்ற சொல்லை இலக்கியத்தில் நாம் பெரும்பாலும் வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். கலந்தது தன் சுயத்தை இழந்துவிடும் என்ற அனுமானம் அதில் இருக்கிறது. எரிபொருள் மின்கலத்தின் சவ்வைப் பற்றிப் படித்தபோது இந்த அனுமானம் ஆட்டம் கண்டது.

ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராகும்போது மின்சாரம் கிடைக்கிறது. நடுவிலுள்ள சவ்வு புரோட்டானை உள்ளே விட்டு, எலக்ட்ரானை வெளிக்கம்பி வழியே சுற்றிவர விடவேண்டும். 1960களில் டூபாண்ட் கம்பெனியில் உருவான நஃபியான் என்ற பாலிமர் இதைச் செய்கிறது, ஈரம் இருக்கும்வரை. சூடு 100 டிகிரியை நெருங்கினால் உலர்ந்துபோய்க் கடத்த மறுக்கிறது. எனவே அதற்குள் சிலிக்காவைக் கலக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2007ல் வெளியிட்ட முறையில், சிலிக்கா உருவாக வெளியிலிருந்து அமிலம் எதுவும் சேர்க்கவேண்டியதில்லை. பாலிமரின் அமிலத்தன்மையே போதும்.

சிலிக்கா புரோட்டானைக் கடத்துவதில் சமர்த்தல்ல. அளவு மிஞ்சினால் சவ்வைக் கெடுத்துவிடும். நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காரியம் நடக்கிறது, நடத்துவது வேறொன்று. அப்படியானால் சிலிக்கா என்ன செய்ததாகச் சொல்வது?

திருமுக்கூடலில் இந்தக் கேள்வி வேறுவிதமாக எழுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். வருஷத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது மணல், நீர் அதற்கடியில். ஆய்வகச் சிலிக்கா ஆற்றில் அள்ளியதல்ல, நீரைப் பிடிக்கும் விதமும் வேறு. அதிகம் உறவு கொண்டாட நான் தயாரில்லை.

இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவனோடு நிற்காமல், மருந்தும் விறகும் கொண்டுவருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று எல்லோருக்கும் கூலி விதித்திருக்கிறது. தாங்கி நிற்பவனைப் புகழ்வது சுலபம். புகழ்ந்தே அவனை அங்கேயே நிறுத்திவைக்கவும் முடியும். நம் தியாக இலக்கியம் பெரும்பாலும் இதைத்தான் செய்தது. கல்வெட்டு யாரையும் புகழாமல் கணக்கு எழுதியிருக்கிறது. அது எனக்கு மேலானதாகப் படுகிறது. சிலிக்காவுக்குக் கூலி தேவையில்லை என்ற இடத்தில் ஒப்புமை முறிகிறது என்பதும் தெரியும்.

சிலிக்காவின் பங்கை அறிய ஆய்வகத்தில், அது இல்லாத சவ்வையும் அதே சூட்டில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பாலாற்றில் அந்தச் சோதனை லாரி லாரியாக நடந்தது. மணல் சென்னையில் கட்டிடங்களாக நிற்கிறது. லோடுக்கு இவ்வளவு என்று விலை போட்டவர்கள், அது பிடித்து வைத்திருந்த நீரை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? மணல் வழித்த படுகையில் களிமண் வெடித்துக் கிடக்கிறது, நடுவில் சீமைக்கருவேல்.