ஆறாவது வாரத்துத் துடிப்பு

நாள் தள்ளிப்போய், ஆறு வாரக் கணக்கில் ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்ணுக்குத் திரையில் தெரிவது ஒரு கருப்புப் பை. அதன் ஓரத்தில் அரை சென்டிமீட்டர்கூட வராத ஒரு வெண்கோடு. அதற்குள் ஏதோ விடாமல் மினுக்குகிறது. ‘துடிப்பு வந்திருச்சு’ என்று டாக்டர் சொன்னதும் வீடே அதை உயிர் என்று கொண்டாடுகிறது. மினுக்குவது வளைந்த ஒரு குழாய்தான். நான்கு அறை கொண்ட இதயமாக அது இன்னும் பிரியவில்லை. கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது.

அப்படியானால் உயிர் எப்போது வந்தது?

ஆண் கரு 40 நாளிலும் பெண் கரு 90 நாள் வாக்கிலும் உருப்பெறுவதாக அரிஸ்டாட்டில் எழுதினார். (அங்கேயும் பெண்ணுக்குத் தாமதம்தான்.) 120-ஆம் நாளில் ஆன்மா ஊதப்படுவதாக இஸ்லாமிய அறிஞர் பலர் கொள்கிறார்கள். உருப்பெற்ற கரு, பெறாத கரு என்று பிரித்துக் கருக்கலைப்பைத் தண்டித்துவந்த கத்தோலிக்கத் திருச்சபை, 1869-இல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது.

இந்த வழக்கைக் கண்ணால் பார்த்தே தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை ஸ்கேனோடு பிறந்தது. கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் தேடும் கருவி உடலுக்குள்ளும் பார்க்கும் என்று நம்பி, 1955-இல் அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்திருந்தார்கள். 1958-இல் ‘லான்செட்’ இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்த டொனால்ட், பின்னாளில் கரு அசையும் ஸ்கேன் படங்களையே தன் தரப்புச் சாட்சியாகக் காட்டினார். ஆனால் படம் யார் பக்கமும் பேசும். அதே திரையில் பெண் சிசுவைக் கண்டு கலைத்தவர்களைத் தடுக்கத்தான் இந்தியாவுக்கு 1994-இல் சட்டம் தேவைப்பட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது என்ற பலகை ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் தொங்குகிறது.

மாணிக்கவாசகர் இந்தக் கேள்விக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறார். திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில் கருவின் மாதங்கள் ஒன்று முதல் பத்துவரை வருகின்றன. எந்த மாதம் என்ன உறுப்பு முளைத்தது என்பதல்ல அவர் கணக்கு. தாய் வயிற்றில் புழுக்களின் போரிலிருந்து தப்பியது, முதல் மாதத்து ஆபத்திலிருந்து தப்பியது, இரண்டாம் மாதத்தில் தப்பியது என்று வரிசையாகப் போகிறது. ஆன்மா என்று வந்தது என்று அங்கே தேதி குறிக்கவில்லை. இதுவரை தாங்கியதே பெரிது என்கிறார்.

இன்றைய மருத்துவமும் அவருக்கு நெருக்கமாகத்தான் நிற்கிறது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். ஆனாலும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பும் தெரியாவிட்டால், அந்த ஒரு ஸ்கேனை வைத்துக் கரு போய்விட்டதாக டாக்டர் முடிவு கட்டுவதில்லை. ஒரு வாரமாவது கழித்து மறுபடி வரச் சொல்கிறார்.