நிறுத்துமிடமும் பூர்த்த தர்மமும்

கிணறு வெட்டுதல், குளம் தோண்டுதல், சோலை வளர்த்தல், சத்திரம் கட்டுதல் ஆகிய பொதுப்பணிகளுக்குப் பூர்த்தம் என்று பெயரிட்டு, வேள்வியாகிய இஷ்டத்தோடு அதனைச் சேர்த்து, இஷ்டாபூர்த்தம் என்று நம் தர்ம சாஸ்திரங்கள் போற்றின. வேள்விக்கு அதிகாரமில்லை என்று விலக்கப்பட்டவர்க்கும் பூர்த்தம் திறந்தேயிருந்தது. அந்த உயர்ந்த வரிசையில், சென்னை தியாகராய நகரில் மாநகராட்சி எழுப்பியிருக்கும் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தையும் வைத்து, அதுவும் ஊருக்குப் பொதுவாதலால் அதன் செலவை ஊரே ஏற்க வேண்டும், கட்டணம் கேட்பது தர்மமன்று என வாதிப்பவர் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை.

குளத்தில் ஒருவர் நீராடிக் கரையேறினால் படித்துறை அடுத்தவருக்கு ஆகிவிடுகிறது. சத்திரத்திலோ கால்நடையாக வந்த வழிப்போக்கனுக்கே முதற்பாத்தியதை. நிறுத்துமிடம் வாகனம் உடையவருக்கு மட்டுமே பயன்படுவது. அவர்களுள்ளும் ஒருவர் வண்டி நிற்குமளவும் அவ்விடம் பிறர்க்கில்லை. வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, திறந்தவெளியில் ஒரு காருக்கு ஏறத்தாழ 23 சதுர மீட்டர் நிலம் வேண்டுமென்பது நகரமைப்பாளர் கணக்கு. 2015-இல் தொடங்கிய பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தில் நகர்ப்புறத்து ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்கு வகுத்த உட்பரப்போ 30 சதுர மீட்டர் வரைதான். பிள்ளைகளை வளர்த்து, மூத்தோரைப் பேணி, ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் வாழும் இடத்துக்கும், ஓர் இயந்திரம் ஆளின்றி நிற்கும் இடத்துக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவே என்பதை எண்ணும்போது நெஞ்சம் வேதனையுறுகிறது. அந்த இடத்தை இலவசமாகக் கொடுப்போமானால், பேருந்தில் வந்திறங்கி, ரங்கநாதன் தெருவின் நெரிசலில் நடந்து, ஒரு பாத்திரமோ சேலையோ வாங்கிச் செல்லும் பெண்ணின் வரிப்பணத்திலிருந்து கார் உடையவருக்கு வாடகை கட்டுகிறோம் என்பதே அதன் பொருள். அதற்குத் தானம் என்ற பெயர் பொருந்தாது.

மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் பட்ட கடன்களோடு, சக மனிதர்க்குப் பட்ட கடனையும் சேர்த்து நான்காக எண்ணுகிறது சதபத பிராம்மணம். பொது நிலத்தில் ஒரு துண்டைத் தனக்கென்று அடைத்துக்கொள்பவர் அந்த நான்காவது கடனை மணிக்கணக்கில் ஏற்றிக்கொள்கிறார். கட்டணம் அதைத் தீர்க்கும் வழியேயன்றித் தண்டனையன்று. அவரால் வியாபாரம் பெருகும் கடைக்காரரும் ஒரு பங்கு ஏற்பதே நியாயம். மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளியை அழைத்து வருபவர்க்கும் விலக்களிக்க வேண்டும்.

வசூலான பணம் எங்கே போகிறது என்பது இதனினும் பெரிய கேள்வி. கலிபோர்னியாவின் பாசடேனா நகரத்துப் பழைய கடைவீதியில் 1993-இல் கட்டணப் பொறிகள் வைத்தபோது, எதிர்த்து நின்ற வியாபாரிகள், அவ்வருமானம் தங்கள் வீதிகளுக்கே செலவாகும் என்று நகராட்சி உறுதி கூறியபின் இசைந்தனர். நடைபாதையும் மரங்களும் விளக்குகளும் சீரடைந்தன.

ஆகவே மாநகராட்சியாரை நான் வேண்டுவது இதுதான்: நிறுத்துமிடத்தின் வரவு செலவை அதன் வாசலிலேயே எழுதி வையுங்கள், மிஞ்சும் தொகையை அந்தத் தெருக்களில் நடந்து செல்வோரின் நடைபாதைக்குச் செலவிடுங்கள்.