சாட்சி நிற்கும் இடம்

அக்கினியைச் சாட்சியாக வைத்து மணம் முடிப்பது, குருக்கள் நடத்திவைக்கும் தமிழர் திருமணங்களின் மையச் செயலாகும். பெற்றோர், மாமன்மார், ஊரார் எனப் பலர் கூடியிருக்கையில் தீயையும் சாட்சிக்கு அழைப்பதற்கு, மனிதச் சாட்சிக்கு மறதி உண்டு, பக்கச்சார்பு உண்டு, மரணமும் உண்டு என்ற தெளிவே காரணமாக இருக்கலாம். இன்று அந்தத் தீக்கு எதிரே, மூன்றுகால் தாங்கியின் மீதோ வீடியோகாரரின் கையிலுள்ள கிம்பல் கைப்பிடியின் மீதோ கமரா ஒன்று நிற்கிறது. கேகாலை மாவட்டத்தின் கித்துல்கல பகுதியில், களனி ஆற்றுக்கு மேலே ஏறிச்செல்லும் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில், மாரியம்மன் கோயில் முன்றிலிலும் லயத்து வாசலில் போட்ட பந்தலிலும் நடக்கும் கல்யாணங்களுக்கும் இது பொருந்தும். எந்தக் கமராவை வாங்குவது, ஆட்டத்தை அடக்க எந்தக் கருவியைக் கொள்வது என்பதெல்லாம் பணத்தையும் படத்தின் அழகையும் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. சடங்கின் முன் வைக்கப்படும் கருவி சாட்சியாக முடியுமா, முடியுமெனில் எந்த நிபந்தனைகளின் கீழ் என்ற கேள்விக்கு அதற்கு முன்னரே விடை காணவேண்டும்.

சாட்சியின் இலக்கணத்தைச் சாங்கியர் துல்லியமாக வகுத்துள்ளனர். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, புருடன் எனப்படும் அறிவுப்பொருளுக்குச் சாட்சியாதல், தனித்திருத்தல், நடுநிலை, காண்போனாதல், செயலற்றிருத்தல் ஆகியவற்றை ஒருங்கே சொல்கிறது. காண்பதும், காணப்படுவதில் கைவைக்காதிருப்பதும் சேர்ந்தாலன்றிச் சாட்சித்தன்மை அமையாது என்பது அதன் கருத்து. கமரா முதல் நிபந்தனையிலேயே தவறிவிடும் என்று சைவ சித்தாந்தி சொல்வார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் விளக்குகிறபடி கண் தானாகக் காண்பதில்லை. கண்ணுக்குக் காட்டி உடன்நின்று காண்பது உயிர், உயிருக்குக் காட்டி உடன்நின்று காண்பவன் இறைவன். கண்ணே ஒரு கருவிதான் என்றால் கண்ணின் முன் பிடிக்கப்படும் கமரா கருவிக்கும் கருவியாகும். ஆகவே சாட்சி என்ற பொறுப்பு அதைப் பிடித்திருக்கும் ஆளிடம் போய்ச்சேர்கிறது. அந்த ஆளோ இரண்டாவது நிபந்தனையில் அடிக்கடி தோற்றுப்போகிறார். தாலி ஏறியபின் "இன்னொரு தடவ கட்டுற மாதிரி பிடிங்க மாப்பிள்ள, இந்தப் பக்கம் பாத்து" என்று கேட்கும் வீடியோகாரர், திரும்பி வராத நேரம் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் முகூர்த்தத்தைத் திரும்ப நடத்தக்கூடிய காட்சியாக ஆக்கிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து அவர் கண்டவர் அல்லர், நடத்துபவர்.

ஆட்டத்தை அடக்கும் கருவிகள் மெய்யியலுக்கு உரிய பொருளாவது இங்கேதான். கமராவுக்குள் படவுணரியை, அதாவது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் தகட்டை, நகர்த்தி ஆட்டத்தை ஈடுசெய்வது ஒரு முறை. லென்ஸுக்குள் கண்ணாடி ஒன்றை நகர்த்துவது இன்னொன்று. படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டிவிட்டு, எஞ்சியதை ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாற்றிப் பொருத்தும் மின்னணு முறையும் உண்டு. கல்யாண வேலையில் பெரிதும் விரும்பப்படுவது கிம்பல் என்னும் மோட்டார் கைப்பிடி. கமரா எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதைக் கைரோ உணரிகள் அளந்து சொல்ல, மூன்று அச்சுகளிலுள்ள மோட்டார்கள் அதற்கு எதிராகத் திருப்பி நேராக்குகின்றன. கேரட் பிரவுன் 1970களில் உருவாக்கி, 1976இல் வெளிவந்த ‘பவுண்ட் ஃபார் குளோரி’ படத்தில் முதலில் பயன்பட்ட ஸ்டெடிகாம் இதன் மூதாதை. அது மோட்டார் எதுவும் இல்லாமல் எடைச் சமநிலையாலும் வில்சுருள் பொருத்திய கையாலும் இயங்கியது. 2018இல் வந்த டீஜேஐ ரோனின்-எஸ் போன்ற ஒற்றைக் கைப்பிடி வகைகள் இந்த வசதியைச் சிறிய ஸ்டூடியோக்களின் கைக்கும் கொண்டுவந்தன.

கிம்பல் திருப்பங்களைத்தான் நீக்கும். நடையால் எழும் மேல்-கீழ்க் குலுக்கலை நீக்காது. அதனால் வீடியோகாரர் முழங்காலைச் சற்று மடித்து, குதிகாலை முதலில் பதித்து, பாதத்தை மெல்ல உருட்டி நடக்கப் பழகுகிறார். இவ்வளவு உடலுழைப்பும், அங்கே ஓர் உடல் இருந்ததே படத்தில் தெரியாமற் செய்வதற்காக. பார்ப்பவர் மணவறையைச் சுற்றி மிதந்து செல்கிறார். பார்த்தது யாருடைய கண், அது எங்கே நின்றது, யாருடைய பார்வையை மறைத்தது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. எங்கும் நிறைந்து ஓரிடத்திலும் கட்டுப்படாத பார்வை சித்தாந்தத்தில் இறைவனுக்கே உரியது. உயிர் ஒன்றைச் சார்ந்தே அறியும், சார்ந்ததன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் மரபின் அடிப்படைக் கோட்பாடு. சாட்சி சொல்ல வருபவரிடம் நீதிமன்றம் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, நீர் எங்கே நின்றிருந்தீர் என்பது. கையில் பிடித்து எடுத்த ஆட்டமுள்ள படம் அதற்கு ஏதோ ஒரு விடை சொல்கிறது. தாங்கியில் அசையாமல் நின்ற படம் முழு விடையையும் சொல்கிறது. கிம்பல் படம் கேள்வியையே அழித்துவிடுகிறது. இது அழகுக்குக் குறைவு என்பதற்கில்லை, சாட்சிக்குத்தான் குறைவு.

கித்துல்கல இந்தப் பிரச்சினையைப் பேரளவில் கண்ட இடமாகும். டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்காகக் களனி ஆற்றின் மேல் கட்டப்பட்ட மரப்பாலம், 1957 மார்ச் மாதத்தில், ரயில் அதன்மேல் வரும் நேரம் பார்த்துத் தகர்க்கப்பட்டது. திரும்ப நடத்த முடியாத செயல் என்பதால் பல கமராக்கள் வெவ்வேறு இடங்களில் நிறுத்தப்பட்டன. முதல் முயற்சியில் ஒளிப்பதிவாளர் ஒருவர் வெடியின் எல்லையை விட்டு உரிய நேரத்தில் விலகாததால் வெடி நிறுத்தப்பட, ரயில் பாலத்தைக் கடந்துபோய் அக்கரையிலிருந்த மின்னாக்கியில் மோதியது. ரயிலைச் சீர்செய்து மறுநாள் காலை, பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பார்த்திருக்க, பாலத்தைத் தகர்த்தனர். ஒருமுறை நடப்பதற்காக இடம் குறித்துக் காத்து நிற்பது என்ற ஒழுக்கத்தை மணவறை அந்தக் கமராக்களிடமிருந்து கற்கலாம். ஆனால் அந்தப் படம் யாருடைய பக்கத்தில் நின்றது என்பது வேறு விஷயம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதையை அமைத்தபோது, நேசநாட்டுப் போர்க்கைதிகளைவிட மிகப் பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர் அதற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டனர். பிரித்தானியக் கைதிகளின் பக்கம் நின்ற கதையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து அவர்களைப் போலவே தோட்ட வேலைக்குக் கடல் கடந்தவர்களின் வழிவந்தோரான மலையகத் தமிழர் வாழும் மலைச்சரிவின் அடிவாரத்தில்தான் அந்தப் படம் எடுக்கப்பட்டது.

இனி, நின்ற இடம் சரியாக இருந்தாலும் காட்சி பிழைபடக்கூடும். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார், அளவையை, அதாவது அறிவை உறுதிசெய்யும் வழியை, காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்கி, ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாகும் என்கிறது. இதுவோ அதுவோ என்று தடுமாறுவது ஐயம், ஒன்றை வேறொன்றாகத் துணிவது திரிபு. மழைக்குப் பேர்போன கித்துல்கல பகுதியில் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் வெளிச்சம் மங்கும்போது, சிறிய உணரி தனக்குக் கிடைத்த குறைந்த ஒளியைப் பெருக்கிப் புள்ளிபுள்ளியாகக் காட்டுவது ஐயத்தின் பாற்படும். 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள முழுச்சட்ட உணரி, 17.3க்கு 13 மில்லிமீட்டர் அளவுள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உணரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்புடையதாதலால் அந்தத் தடுமாற்றம் அதில் குறைவு. இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்காவிட்டால் டியூப் விளக்கின் ஒளி படத்தில் துடிக்கும். திரிபு இவற்றிலும் கெட்டது, ஏனெனில் அது பிழை என்று தோன்றாது. ஓமத்தீயின் ஒளி செம்மஞ்சள், வீடியோகாரர் பிடிக்கும் எல்இடி விளக்கின் ஒளி வெண்மை. கமரா விளக்குக்கு ஏற்ப வெண்மையையும் ஒளியளவையும் தீர்மானித்துக்கொள்ள, சாட்சியாக அழைக்கப்பட்ட தீ பின்னால் சோர்ந்து தெரிகிறது. முகத்தைத் தேடிப்பிடிக்கும் தானியங்கிக் குவியமோ, அட்சதை விழும் கணத்தில் தாலி பிடித்த கைகளை விட்டுவிட்டு மணமகளின் முகத்துக்குத் தாவுகிறது. கல்யாணம் என்பது முகம்தான் என்று தொழிற்சாலையில் எவரோ முன்கூட்டியே துணிந்துவைத்திருக்கிறார்கள். பழைய டிஎஸ்எல்ஆர் கமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியோடு பதிவு தானாக நின்றுவிடும் என்பதையும் வாங்குபவர் கவனிக்கவேண்டும். கெட்டிமேளம் அதைப் பார்த்துக் கொட்டுவதில்லை.

இலங்கைச் சட்டமும் இதே நிபந்தனைகளை வேறு மொழியில் கேட்கிறது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்ச்சி நடக்கும்போதே எடுக்கப்பட்ட பதிவைச் சான்றாக ஏற்பதற்கு, இயந்திரம் ஒழுங்காக இயங்கியிருக்கவேண்டும், பதிவு பின்னர் மாற்றப்படாதிருக்கவேண்டும் என்கிறது. வேகத்தைக் குறைத்து, பாட்டைச் சேர்த்து, மூன்று நிமிடத்துக்குத் தொகுத்த ‘ஹைலைட்ஸ்’ இதில் தேறுவது கடினம். மலையகத் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று: 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, அதன்பின் குடியுரிமை கோரியபோது தாம் இந்நாட்டில் வதிந்ததைத் தாள்களால் நிறுவவேண்டியிருந்த மக்கள் அவர்கள். பதிவு செய்யப்படாத மணத்தையும், வழக்கமான சடங்குகள் நடந்தமை நிறுவப்பட்டால், இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. அப்படி நிறுவவேண்டிய நாளில், தாலி கட்டியதை ஒரே தொடராகக் காட்டும் அழகற்ற பதிவுக்கு உள்ள மதிப்பு மிதக்கும் படத்துக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பின்னும் கமராவுக்கு எட்டாத ஒன்று அதே மணவறையில் உண்டு. அம்மி மிதித்தபின் மணமக்களுக்கு அருந்ததி காட்டப்படுகிறது. சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரை ஒட்டி மங்கலாகத் தெரியும் அந்த விண்மீனைப் பட்டப்பகலில் எவரும் காண்பதில்லை. குருக்கள் விரலை நீட்டுகிறார், மணமக்கள் அண்ணாந்து பார்க்கின்றனர், ‘தெரிகிறது’ என்கின்றனர். அது பொய் என்று சொல்பவர் காட்சி ஒன்றே அளவை என்ற உலகாயதரின் பக்கம் நிற்கிறார். சிவஞானசித்தியாரின் கணக்கில் மணமக்கள் உரை என்னும் அளவையால், அதாவது நம்பத்தக்கோர் சொல்லால், அறிகின்றனர். நீட்டிய விரலையும் அண்ணாந்த கழுத்தையும்தான் படம் எடுக்க முடியும். வெற்று வானத்துக்கு ட்ரோனை ஏற்றுவதில் பொருளில்லை. அதன் இரைச்சலில் குருக்கள் சொல்வது பதிவாகாமல் போகும், அங்கே பதியவேண்டியது அந்தச் சொல்லே.

ஆகவே கையிலுள்ள பணம் ஒரு கிம்பலுக்கோ, உறுதியான தாங்கியோடு மணிக்கணக்கில் நிற்காமல் பதியும் இரண்டாவது கமராவுக்கோ மட்டுமே போதுமென்றால் பின்னதே முதலில் வாங்கத்தக்கது. மாப்பிள்ளை அழைப்பிலும், தப்பு முழங்கக் கோயிலுக்கு நடக்கும் ஊர்வலத்திலும் கிம்பல் தாராளமாக மிதக்கட்டும். அங்கே எவரும் சாட்சி கேட்கவில்லை. லயத்து வாசல் ஒடுக்கமானது, மணமக்களோ கிழக்கு நோக்கி அமர்பவர்கள். தாங்கியை வடகிழக்கு ஓரத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண்ணுயரத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி வைத்தால் காலை வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும், தீயும் தாலி பிடித்த கைகளும் ஒரே சட்டத்தில் அடங்கும், பின்வரிசைக் கிழவிக்கும் பார்வை மறையாது. குவியத்தைக் கையால் அமைத்துப் பூட்டிவிட்டு, முகூர்த்தம் முடியும்வரை அதைத் தொடாதிருப்பது நல்லது. வெட்டாத அந்தப் பதிவையும் தொகுத்த படத்தோடு சேர்த்து வீட்டாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது வேலை பேசும்போதே எழுதிக்கொள்ளவேண்டிய நிபந்தனை. ஒரு மணி நேரம் ஓடும் அதை எவரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை என்று வீடியோகாரர் சொல்லக்கூடும், விவாகப் பதிவேட்டையும் எவரும் உட்கார்ந்து படிப்பதில்லை.